சீசன் பாதியில் விதியை மாற்றாதீர்கள்: உள்ளூர் டிராக் ஸ்ட்ரிப் நடத்துவதில் வரும் தவறுகள்

இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கமாக நின்று நேர்கோட்டில் பாயும் டிராக் ரேஸ் (drag race) என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது நெருப்பைக் கக்கிக்கொண்டு பாயும் டாப் ஃப்யூயல் வண்டிகள். அமெரிக்காவில் ஊருக்கு வெளியே சோளக்காட்டை ஒட்டி இருக்கும் சின்னச் சின்ன ஸ்ட்ரிப்களுக்கு, அதாவது அந்தப் பந்தயப் பாதைகளுக்கு, சோறு போடுவது வேறு ஆட்கள். பழைய நோவா காரையோ மஸ்டாங்கையோ ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு சனிக்கிழமை காலையில் வந்து நிற்கும் மெக்கானிக்கும் வாத்தியாரும் ஓய்வுபெற்றவரும் கட்டும் நுழைவுக் கட்டணத்தில்தான் அந்த இடங்கள் ஓடுகின்றன. இவர்கள் ஆடுவது பிராக்கெட் ரேஸ்.

அதன் கணக்கு எளிது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு இரண்டு பேராக மோதுவார்கள், ஜெயித்தவர் அடுத்த சுற்றுக்குப் போவார். கால் மைலை, அதாவது 402 மீட்டரை, தன் வண்டி எத்தனை வினாடியில் கடக்கும் என்று ஓட்டுநர் முன்கூட்டியே கண்ணாடியில் எழுதிவிட வேண்டும். அதற்கு டயல்-இன் என்று பெயர். 14.50 எழுதியவருக்கும் 10.20 எழுதியவருக்கும் போட்டி என்றால், மெதுவான வண்டிக்கு 4.30 வினாடி முன்னாலேயே பச்சை விளக்கு எரியும். எழுதியதைவிட வேகமாக ஓடிவிட்டால் பிரேக்-அவுட், ஆள் வெளியே. பச்சைக்கு முன் கிளம்பினால் சிவப்பு, அப்போதும் வெளியே. ஆகவே இங்கே ஜெயிப்பவர், சொன்ன நேரத்தைத் திரும்பத் திரும்ப ஓடிக் காட்டுபவர். ஸ்ட்ரிப் நடத்துபவரிடமும் அவர் எதிர்பார்ப்பது அதேதான்: மதியம் இருந்த தரை சாயங்காலமும் இருக்க வேண்டும், மார்ச்சில் இருந்த விதி செப்டம்பரிலும் இருக்க வேண்டும். நான் பார்த்தவரை, பெரும்பாலான சண்டைகள் இந்த இரண்டில் ஒன்று பிசகும்போதுதான் தொடங்குகின்றன.

முதலில் விதி. சாம்பியன்ஷிப் புள்ளிக் கணக்கை ஒரு பக்கத்தில் எழுதி, முதல் பந்தயத்துக்கு முன்பே கையில் கொடுத்துவிட வேண்டும். "சுற்றுக்கு இத்தனை புள்ளி" என்று மட்டும் எழுதினால் போதாது. ஒருவர் இரண்டு வண்டி ஓட்டினால் புள்ளி ஆளுக்கா, வண்டிக்கா? முதல் சுற்றில் தோற்றவர் மறுபடி பணம் கட்டி உள்ளே வரும் 'பை-பேக்' ஏற்பாடு இருந்தால், அப்படி வந்தவர் ஜெயிக்கும் சுற்றுக்குப் புள்ளி உண்டா? சீசனில் 14 பந்தயம் என்றால் மோசமான சிலவற்றைக் கழித்துக்கொள்ளலாமா? கடைசியில் சமன் ஆனால் எதைப் பார்ப்பது? இதெல்லாம் ஏப்ரலில் யாருக்கும் தோன்றாது. ஆகஸ்ட் வந்து, முதல் இரண்டு பேருக்கும் இடையே ஒரு சுற்று வித்தியாசம்தான் என்று ஆகும்போது எல்லோருக்கும் தோன்றும். அப்போது நீங்கள் என்ன முடிவெடுத்தாலும் அது யாரோ ஒருவருக்குச் சாதகமாகத்தான் தெரியும். அமெரிக்காவின் பெரிய டிராக் ரேஸ் அமைப்பான என்எச்ஆர்ஏவின் உறுப்பு ஸ்ட்ரிப் என்றால் சிக்கல் இன்னும் பெரிது. அங்கே உள்ளூர் சாம்பியன் ஆகிறவர் மண்டல இறுதிக்குப் போக வேண்டியவர். ஒரு கோப்பையோடு விஷயம் முடிவதில்லை.

மழையைப் பற்றியும் அதே தாளில் எழுதிவிடுங்கள். மூன்று சுற்று முடிந்தபின் மழை கொட்டினால் மிச்சத்தை அடுத்த வாரம் ஓட்டுவதா, மீதி இருப்பவர்களுக்குப் பரிசைப் பிரித்துக் கொடுப்பதா, பாதியில் நின்ற பந்தயத்துக்குப் புள்ளி உண்டா? மேகம் கறுத்த பிறகு மைக்கில் அறிவிக்கிற விதியை யாரும் நம்ப மாட்டார்கள்.

அடுத்தது தரை. ஸ்ட்ரிப்பின் மேல் டயர் ரப்பரைத் தேய்த்து ஏற்றி, விஎச்டி, பிஜே1 போன்ற பசைத் திரவத்தை ஆல்கஹாலில் கலந்து தெளிப்பார்கள். தவறு எங்கே நடக்கிறது என்றால், நடுவில் ஒரு கிரட்ஜ் ரேஸ் இருக்கும். ஆயிரம் குதிரைத்திறன் வண்டிக்காரர் இரண்டு பேர் பந்தயம் கட்டியிருப்பார்கள், கூட்டமும் அதைப் பார்க்கத்தான் வந்திருக்கும். அவர்களுக்காகக் கூடுதலாக ஒரு தடவை பசை தெளித்துவிடுவார்கள். அடுத்து வரும் பிராக்கெட்காரருக்கு முதல் 60 அடி நேரமே மாறிப்போகும். அவர் கண்ணாடியில் எழுதியிருப்பது பழைய தரைக்கான எண். தெளிக்கத்தான் வேண்டும் என்றால் சுற்றுகளுக்கு இடையில், இரண்டு லேனுக்கும் ஒரே அளவில், மைக்கில் சொல்லிவிட்டுத் தெளியுங்கள். ஒரு லேன் மட்டும் நன்றாகப் பிடிக்கிறது என்ற பேச்சு கிளம்பிவிட்டால் அந்தப் பேச்சை அடக்க ஒரு சீசன் போதாது.

இரவுப் பனியும் இதில் சேரும். சூரியன் இறங்கித் தரை குளிர்ந்ததும் மெல்லிய ஈரம் படியும். கண்ணுக்குத் தெரியாது, டயருக்குத் தெரியும். "இன்னும் நாலு ஜோடிதான்" என்று இழுக்காமல் நிறுத்துவதற்கு ஒருவருக்கு முழு அதிகாரம் கொடுத்திருக்க வேண்டும். அவர் டிக்கெட் கணக்கைப் பார்ப்பவராக இருக்கக் கூடாது.

எண்ணெய் கொட்டினாலும் அப்படித்தான். பொடி போட்டு உறிஞ்சி, தேய்த்து, கழுவி, உலர்த்தி, மறுபடி பசை தெளித்து ரப்பர் ஏற்ற வேண்டும். முக்கால் மணி நேரம் சாதாரணமாகப் போகும். அவசரப்பட்டு இருபது நிமிடத்தில் முடித்தால் அடுத்த வண்டி சுவரில் போய் நிற்கும். இன்ஜினில் ஏதோ போய்விட்டது என்று தெரிந்ததும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து ஓரம் கட்டுவது ஓட்டுநரின் கடமை. அதைக் காலையில் நடக்கும் ஓட்டுநர் கூட்டத்தில் ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும், சலித்தாலும் சரி.

அப்புறம் நேரம். ஒரு பிரிவில் 120 வண்டி என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு இரண்டு சோதனை ஓட்டம் என்றால் 120 ஜோடி. போட்டி ஏழு சுற்று போகும், இன்னொரு 120 ஓட்டம். ஜோடிக்கு ஒரு நிமிடம் என்றாலே நான்கு மணி நேரம் ஆகிவிடும். பை-பேக், எண்ணெய், உடைந்த வண்டி எதுவும் இதில் சேரவில்லை. இப்படி மூன்று பிரிவு வைத்துவிட்டு மதியம் தொடங்கினால் இறுதிப் போட்டி நள்ளிரவைத் தாண்டும். ஜூனியர் டிராக்ஸ்டர் ஓட்டும் குழந்தைகள் அதற்குள் வண்டிக்குள்ளேயே தூங்கிவிடும். அவர்களை முதலில் ஓட்டி அனுப்புங்கள், பிரிவுகளைக் குறையுங்கள். புதிதாக ஒரு பிரிவு தொடங்கச் சொல்லி யாராவது வந்து கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். முடியாது என்று சொல்லப் பழக வேண்டும்.

நள்ளிரவு தாண்டினால் அக்கம்பக்கத்துக்காரரும் புகார் கொடுப்பார். இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நியூஜெர்சியின் இங்கிலிஷ்டவுன் ஸ்ட்ரிப் 2018இல் டிராக் ரேஸை நிறுத்தியது. அட்லாண்டா டிராக்வே 2021இல் மூடப்பட்டது. டென்வர் பக்கத்தில் 1958 முதல் நடந்துவந்த பாண்டிமியர் 2023 சீசனோடு அங்கே முடிந்தது. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. ஆனால் ஊர் வளர்ந்து ஸ்ட்ரிப்பின் வேலி வரை வந்துவிட்டால், சத்தம் பற்றிய ஒவ்வொரு புகாரும் ஒரு கோப்பில் சேர்ந்துகொண்டே போகும்.

பாதுகாப்பில் நடக்கும் தவறு பெரும்பாலும் முகதாட்சண்யத்தால் வருவது. "பத்து வருஷமா வர்றவர், அவர் வண்டியைப் போய் சோதிப்பதா?" என்று விட்டுவிடுவார்கள். என்எச்ஆர்ஏ விதிப்படி கால் மைலை 13.99 வினாடியிலோ அதற்குள்ளோ ஓடும் வண்டியில் ஹெல்மெட் கட்டாயம். 11.49 வந்தால் பழைய மாடல் வண்டிகளில் ரோல் பார், அதாவது வண்டி கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டம், கேட்பார்கள். போன வருடம் 11.80 ஓடிய வண்டி குளிர்காலத்தில் புது இன்ஜின் ஏறி வந்திருக்கும், சோதனைச் சீட்டில் பழைய எண்ணே இருக்கும். ஓட்டம் முடிந்ததும் வரும் நேரச் சீட்டான டைம் ஸ்லிப்பில் புது எண் விழுந்த உடனே நேரம் பார்க்கும் கோபுரத்திலிருந்து தகவல் போக வேண்டும், அடுத்த சுற்றுக்கு அவரை விடக் கூடாது. ஆம்புலன்ஸ் ஒருவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டால் இன்னொன்று வரும்வரை பந்தயம் நிற்க வேண்டும். இதைத் தெரியாதவர் யாருமில்லை, இருந்தாலும் ஓட்டிவிடுகிறார்கள்.

பழைய ஸ்ட்ரிப் என்றால் முடிவுக் கோட்டுக்கு அப்பால் வண்டி நிற்பதற்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை ஒவ்வொரு வருடமும் புதிதாகக் கேட்டுப் பாருங்கள். தரை அதே நீளம்தான், வண்டிகள்தான் வேகமாகிவிட்டன. 2008 ஜூனில் இதே இங்கிலிஷ்டவுனில் ஸ்காட் கலிட்டா என்ற ஓட்டுநர் வண்டி நிற்காமல் போய் இறந்தார். அடுத்த மாதமே டாப் ஃப்யூயல், ஃபன்னி கார் என்ற அதிவேகப் பிரிவுகள் இரண்டுக்கும் தூரத்தை 1,320 அடியிலிருந்து 1,000 அடியாக என்எச்ஆர்ஏ குறைத்தது. உள்ளூர் ஸ்ட்ரிப்கள் பல எட்டில் ஒரு மைலோடு, 660 அடியோடு, நிறுத்திக்கொள்கின்றன. அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

கடைசியாகப் பரிசுப் பணம். போஸ்டரில் 10,000 டாலர் என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, 200 வண்டி வந்தால்தான் என்று பொடி எழுத்தில் போடும் வழக்கம் இருக்கிறது. 140 வண்டி வந்து, 6,000 கொடுத்து அனுப்பினால் அந்த 140 பேரில் எத்தனை பேர் திரும்பி வருவார்கள்? சின்னத் தொகையாக இருந்தாலும் நிச்சயமான தொகையைப் போடுங்கள். புள்ளிப் பட்டியலை ஒவ்வொரு பந்தயத்துக்கும் பிறகு இரண்டு மூன்று நாளில் வெளியிட்டு, ஆட்சேபம் சொல்ல ஒரு வாரம் கொடுங்கள். அதன் பிறகு அந்தப் பந்தயத்தின் கணக்கைத் தொடக் கூடாது. சீசன் முடிவில் தரவேண்டிய நிதியைத் தனிக் கணக்கில் முதல் பந்தயத்திலிருந்தே போட்டு வையுங்கள், ஜூலையில் ஜெனரேட்டர் பழுதானாலும் அதில் கை வைக்க வேண்டாம்.