எஸ். சந்திரசேகர் எத்தனை பேர்? சைட்டேஷன் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எஸ். சந்திரசேகர் என்று போட்டு இயற்பியல் கட்டுரைகளைத் தேடினால் இரண்டு பெரிய ஆய்வாளர்கள் ஒன்றாகக் கலந்து வருவார்கள். ஒருவர் சுப்பிரமணியன் சந்திரசேகர், விண்மீன் ஆய்வுக்காக 1983-இல் நோபல் பரிசு பெற்றவர். மற்றவர் சிவராமகிருஷ்ண சந்திரசேகர், பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தில் திரவப் படிகங்களை ஆராய்ந்தவர். முதலாமவர் சி.வி. ராமனின் அண்ணன் மகன், இரண்டாமவர் ராமனுடைய சகோதரியின் மகன். இருவரும் கட்டுரைகளில் போட்டுக்கொண்ட பெயர் ஒன்றுதான். பெயரை மட்டும் பார்த்து சைட்டேஷன்களை, அதாவது மற்றவர்கள் காட்டிய மேற்கோள்களை, கூட்டினால், உலகில் இல்லாத மூன்றாவது சந்திரசேகர் ஒருவர் உருவாகிவிடுவார்.

ஓர் ஆய்வாளரை மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்ற எண்ணை வைத்து இன்று வேலை, பதவி உயர்வு, ஆய்வு நிதி எல்லாம் முடிவாகின்றன. எண் யாருடையது என்பதிலேயே முதல் தவறு நடந்துவிடுகிறது. குடும்பப் பெயர் இல்லாமல் அப்பா பெயரின் முதலெழுத்தோடு வாழும் நமக்கு இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். ஓர் ஆய்விதழ் அப்பா பெயரை இனிஷியலாக வைத்துக்கொள்ளும், அடுத்தது அதையே விரித்துக் குடும்பப் பெயராக்கிவிடும். ஒரே ஆளின் கட்டுரைகள் இரண்டு மூன்று பேருடையதாகச் சிதறும். முதல் கட்டுரையை அனுப்பும்போதே பெயரை ஒரே வடிவத்தில் முடிவு செய்துகொள்ளுங்கள். ஆய்வாளரை அடையாளம் காட்ட 2012 முதல் இலவசமாகக் கிடைக்கும் 16 இலக்க ஆர்கிட் (ORCID) எண்ணை எடுத்து எல்லாக் கட்டுரையிலும் சேருங்கள். கூகுளின் ஆய்வுக் கட்டுரைத் தேடல் சேவையான கூகுள் ஸ்காலரில் பக்கம் வைத்திருப்பவர்கள், புதிய கட்டுரைகள் தானாகச் சேரும் வசதியை நிறுத்திவிட்டு, நீங்கள் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே சேரும்படி மாற்றுங்கள். அடுத்தவர் கட்டுரை உங்கள் கணக்கில் ஏறியிருப்பதை நேர்முகத் தேர்வில் யாராவது கண்டுபிடித்தால், நீங்களே வேண்டுமென்று சேர்த்ததாகத்தான் நினைப்பார்கள்.

அடுத்தது ஹெச்-இண்டெக்ஸ். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்து இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் 2005-இல் முன்வைத்த அளவீடு இது. உங்கள் கட்டுரைகளில் 10 கட்டுரைகள் தலைக்குக் குறைந்தது 10 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்து, 11 கட்டுரைகளுக்குத் தலைக்கு 11 என்ற நிலையை எட்டவில்லை என்றால் உங்கள் எண் 10. கணக்கு எளிது என்பதால்தான் இவ்வளவு வேகமாகப் பரவியது.

ஆனால் அது எதை மறைக்கிறது என்று பாருங்கள். ஒருவர் 5 கட்டுரை எழுதி ஒவ்வொன்றுக்கும் 5 சைட்டேஷன் பெற்றிருக்கிறார். இன்னொருவர் 5 கட்டுரை எழுதி ஒவ்வொன்றுக்கும் 500 பெற்றிருக்கிறார். இருவருக்கும் ஹெச்-இண்டெக்ஸ் 5தான். எழுதிய கட்டுரைகளின் எண்ணிக்கையை அது ஒருபோதும் தாண்டாது. அதனால் குறைவாக, ஆனால் ஆழமாக எழுதுபவர் எப்போதும் கீழேயே இருப்பார். அது இறங்கவும் இறங்காது. ஓய்வு பெற்று ஆய்வை விட்டவருக்கும் பழைய கட்டுரைகளால் ஏறிக்கொண்டே போகலாம். 30 வருடம் பணியாற்றிய பேராசிரியரையும் நேற்று முனைவர் பட்டம் வாங்கியவரையும் இந்த எண்ணை வைத்து ஒப்பிடுவது நியாயமே இல்லை.

துறை விட்டுத் துறை ஒப்பிடுவது அதைவிடப் பெரிய தவறு. ஹிர்ஷ் தன் முதல் கட்டுரையிலேயே இதைக் காட்டியிருந்தார். அன்று அவர் கணக்கிட்டபடி இயற்பியலில் உச்சியில் இருந்த எட்வர்ட் விட்டனுக்கு 110, உயிர் அறிவியலில் உச்சியில் இருந்த சாலமன் ஸ்னைடருக்கு 191. ஸ்னைடர் விட்டனைவிடப் பெரிய அறிவியலாளர் என்று இதற்குப் பொருள் இல்லை. உயிர் அறிவியலில் ஆட்களும் கட்டுரைகளும் மேற்கோள்களும் அதிகம், அவ்வளவுதான். கணிதத்தில் எல்லாமே குறைவு. ஒரே கல்லூரியில் கணிதத் துறைக்கும் உயிரித் தொழில்நுட்பத் துறைக்கும் ஒரே வெட்டுப்புள்ளி வைப்பவர்கள், கணித ஆசிரியர்களுக்குத் தெரிந்தோ தெரியாமலோ அநீதி செய்கிறார்கள். 2020-இல் ஹிர்ஷே தன் அளவீடு எதிர்பாராத தீய விளைவுகளைத் தரக்கூடியது என்று எழுதினார். அதற்குப் பிறகும் வடிகட்டும் ஒரே சல்லடையாக அதை வைத்திருப்பதற்கு எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

இப்போது இம்பாக்ட் ஃபேக்டர். நம் ஊரில் அதிகம் தவறாகப் பயன்படுத்தப்படுவது இதுதான் என்பேன். அமெரிக்கத் தகவலியலாளர் யூஜின் கார்ஃபீல்டு வகுத்த இந்த எண் ஆய்விதழுக்கு உரியது, ஆளுக்கு உரியது அல்ல. ஓர் ஆய்விதழில் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகள் இந்த ஆண்டு சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பதைத்தான் அது சொல்கிறது. சராசரி என்பதால் ஒரே ஒரு கட்டுரை அதைத் தூக்கி நிறுத்திவிட முடியும். படிகவியலாளர் ஜார்ஜ் ஷெல்ட்ரிக், தான் எழுதிய ஷெல்எக்ஸ் என்ற மென்பொருளைப் பற்றி 2008-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அந்த மென்பொருளைப் பயன்படுத்திய எல்லோரும் அதை மேற்கோள் காட்டினார்கள். ஆக்டா கிறிஸ்டலோகிராஃபிகா ஏ என்ற அந்த ஆய்விதழின் இம்பாக்ட் ஃபேக்டர் 2008-இல் சுமார் 2 ஆக இருந்தது, 2009-இல் கிட்டத்தட்ட 50-க்குப் போனது. அதே இதழில் எழுதிய மற்றவர்களின் கட்டுரைகள் ஒரே வருடத்தில் 25 மடங்கு சிறந்துவிட்டனவா?

எதிர்ப்பக்கமும் பாருங்கள். 1977-இல் சிவராமகிருஷ்ண சந்திரசேகரும் பி.கே. சதாசிவாவும் கே.ஏ. சுரேஷும் சேர்ந்து, வட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்று காட்டினார்கள். அதுவரை நீண்ட குச்சி போன்ற மூலக்கூறுகள்தான் அப்படி ஆகும் என்று நம்பியிருந்தார்கள். ஒரு புதிய ஆய்வுத் துறையையே திறந்துவிட்ட அந்தக் கட்டுரை வந்தது பெங்களூரில் இந்திய அறிவியல் அகாடமி நடத்தும் பிரமாணா இதழில். இதழின் எண்ணைப் பார்த்து மதிப்பெண் போடும் இன்றைய முறையில் அதற்கு அடிமட்ட மதிப்பெண்தான் கிடைத்திருக்கும். ஆய்விதழின் எண்ணை ஆளின் தலையில் கட்டக்கூடாது என்று 2012-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கூடிய பதிப்பாசிரியர்கள் டோரா என்ற பிரகடனத்தை உருவாக்கினார்கள். நம் தேர்வுக் குழுக்களில் அது இன்னும் போதுமான அளவு பேசப்படவில்லை.

கால அவகாசம் பற்றிய தவறு என்னை மிகவும் வருத்துவது. அதே ராமன் குடும்பத்தைச் சேர்ந்த எஸ். பஞ்சரத்தினம், ஒளியின் முனைவாக்கத்தை (polarisation, ஒளி அலை அதிரும் திசை) ஆராய்ந்து 1956-இல் ஒரு கட்டுரை எழுதினார். ஒளியின் முனைவாக்க நிலை ஒரு சுற்று மாறி, தொடங்கிய நிலைக்கே திரும்பும்போது அலையின் கட்டத்தில் (phase, அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது) ஒரு வேறுபாடு மிஞ்சுகிறது என்பதைக் கண்டிருந்தார். வெகுகாலம் அதன் ஆழம் யாருக்கும் பிடிபடவில்லை. 1969-இல் தன் 35-வது வயதில் அவர் ஆக்ஸ்ஃபோர்டில் காலமானார். 1984-இல் பிரிட்டிஷ் இயற்பியலாளர் மைக்கேல் பெர்ரி குவாண்டம் இயற்பியலில் இதையொத்த கருத்தை வெளியிட்டார். 1986-இல் எஸ். ராமசேஷனும் ராஜாராம் நித்தியானந்தாவும், பஞ்சரத்தினம் இதை முன்பே கண்டிருக்கிறார் என்று சுட்டிக்காட்டினார்கள். பெர்ரியும் அதை மனமார ஏற்று எழுதினார். இன்று அதன் பெயர் பஞ்சரத்தினம்–பெர்ரி கட்டம். கடந்த 5 வருட சைட்டேஷன்களை மட்டும் கேட்கும் ஒரு படிவத்தில், 1961-இல் பஞ்சரத்தினம் என்ன எழுதியிருப்பார்?

சரி, மேற்கோளே காட்டப்படாமல் பயன்படும் ஆய்வுகளும் உண்டு. 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் வெளியிட்ட வரைபடம் இல்லாமல் புரத அமைப்பை யாரும் சரிபார்ப்பதில்லை. பாடப்புத்தகங்களிலும் மென்பொருள்களிலும் அது ராமச்சந்திரன் வரைபடம். அந்தப் பெயரை எழுதுபவர்களில் பலர் மூலக் கட்டுரையை அடிக்குறிப்பில் சேர்ப்பதில்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டுவிடுகிறார்கள். ஓர் ஆய்வு பொது அறிவாகிவிட்டால் அதன் சைட்டேஷன் வளர்ச்சி நின்றுவிடலாம். அதைத் தாக்கம் குறைந்ததாகப் படித்துவிடாதீர்கள்.

மேற்கோள் எல்லாமே பாராட்டு என்று எண்ணுவதும் பிழை. தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்தி 1998-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்து 2010-இல் திரும்பப் பெறப்பட்ட கட்டுரை ஏராளமான முறை மேற்கோள் காட்டப்பட்டது, பெரும்பாலும் மறுப்பதற்காக. ஆசிரியர்களின் எண்ணிக்கையையும் கவனியுங்கள். 2015-இல் ஹிக்ஸ் துகளின் நிறை பற்றி வந்த ஒரு கட்டுரைக்கு ஆசிரியர்கள் 5154 பேர். அதன் சைட்டேஷன் அத்தனை பேர் கணக்கிலும் முழுதாக ஏறும். தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டுவது ஆய்வின் தொடர்ச்சிக்குத் தேவைதான். ஆனால் மொத்தத்தில் பெரும்பகுதி அதுவாக இருந்தால் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

எங்கிருந்து எடுத்த எண் என்பதைச் சொல்லாமல் விடுவது இன்னொரு தவறு. கூகுள் ஸ்காலர் ஆய்வேடுகள், முன்வரைவுகள், இணையத்தில் கிடக்கும் பலவற்றையும் எண்ணும். ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் என்ற தரவுத்தளங்கள் தாங்கள் தேர்ந்தெடுத்த இதழ்களையே முதன்மையாக எண்ணும். ஆகவே ஒரே ஆளுக்கு மூன்று எண் இருக்கும், மூன்றும் அதனதன் அளவில் சரியே. கூகுள் ஸ்காலரை ஏமாற்றுவது எவ்வளவு எளிது என்று காட்ட, பிரெஞ்சுக் கணினி அறிவியலாளர் சிரில் லபே 2010-இல் ஐக் ஆன்ட்கேர் என்ற இல்லாத ஆய்வாளரைப் படைத்தார். இயந்திரம் எழுதிய அர்த்தமற்ற கட்டுரைகள் ஒன்றையொன்று மேற்கோள் காட்டியே அவருடைய ஹெச்-இண்டெக்ஸ் 94-ஐ எட்டியது.

தமிழ் ஆய்வுலகில் நடப்பது வேறு வகை இழப்பு. இங்கே முக்கியமான பணி நூலாக வருகிறது, அதை மேற்கோள் காட்டுவதும் இன்னொரு நூலின் அடிக்குறிப்பாக இருக்கிறது. ஐராவதம் மகாதேவன் 2003-இல் வெளியிட்ட கல்வெட்டு நூலைத் தொடாமல் தமிழ் பிராமி பற்றி யாரும் எழுத முடியாது. ஆனால் தமிழ் நூல்களின் அடிக்குறிப்புகளில் அவர் பெயர் வரும் இடங்களை எந்தத் தரவுத்தளமும் முழுமையாக எண்ணப் போவதில்லை. தமிழ்த் துறைக்கு ஆளெடுக்கும்போது ஸ்கோபஸ் எண்ணைக் கேட்டால், தமிழில் எழுதாமல் இருந்தவருக்குத்தான் பலன் கிடைக்கும்.

விண்ணப்பிப்பவர்கள் எண்ணோடு அது எந்தத் தரவுத்தளம், எந்தத் தேதி என்றும் எழுதுங்கள். உங்கள் பணியில் சிறந்த நான்கைந்து கட்டுரைகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் நீங்கள் செய்தது என்ன, அதை யார் எதற்காகப் பயன்படுத்தினார்கள் என்று இரண்டு வரி சேருங்கள். தேர்வு செய்யும் இடத்தில் இருப்பவர்கள் எண்ணை ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால் ஒரே துறையில், ஏறக்குறைய ஒரே அனுபவம் உள்ளவர்களுக்குள் ஒப்பிடுங்கள். அப்புறம் அந்த நான்கைந்து கட்டுரைகளில் இரண்டையாவது திறந்து படித்துவிட்டு நேர்முகத் தேர்வுக்குப் போங்கள்.