வி-கிராஸை 18 இன்ச்சிலிருந்து 16-க்கு இறக்கிய விதம்

பட்டிவீரன்பட்டி தாண்டி மலை ஏறத் தொடங்கினால் தாண்டிக்குடி வரை ரோடு ஒரே சீராக இருக்காது. மழை முடிந்த கையோடு பார்த்தால் தார் பெயர்ந்து, ஓரத்தில் கத்தி மாதிரி விளிம்பு நிற்கும். என் இசுசு வி-கிராஸ் பிக்கப் வண்டிக்கு 18 இன்ச் அலாய் (அலுமினியக் கலவை) ரிம், 255/60 டயர். ஐப்பசியில் ஒரு ராத்திரி, எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கும்போது இடது முன் சக்கரம் அப்படியொரு விளிம்பில் இறங்கியது. காலையில் பார்த்தால் டயரின் பக்கவாட்டில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைப்பு, ரிம்மில் நெளிசல். கொஞ்சம் வேகமாக வந்தது என் தப்புதான். ஆனாலும் தோட்டத்துக்குப் போய்வரும் வண்டிக்கு இவ்வளவு பெரிய ரிம் எதற்கு என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

ரிம்மைச் சிறிதாக்கினால் வண்டியே தாழ்ந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். ரிம் குறைகிற அளவுக்கு டயரின் பக்கச்சுவர் கூடினால் மொத்த உயரம் அப்படியே நிற்கும். கணக்கு லேசானது. 255/60 என்றால் அகலம் 255 மி.மீ., அதில் 60 சதவீதம் பக்கச்சுவர், அதாவது 153 மி.மீ. இதே வண்டியின் கூடப்பிறந்த ஹைலேண்டரில் வருவது 245/70 ஆர்16. அதன் பக்கச்சுவர் 171 மி.மீ.க்கு மேல். ஒரு கட்டைவிரல் அகலத்துக்குக் கூடுதல் ரப்பர். கல்லில் ஏறும்போது அடியை வாங்கிக்கொள்வது அந்த ரப்பர்தான்.

மொத்த விட்டம் 763-லிருந்து 749 மி.மீ.க்கு வருகிறது. தரைக்கும் வண்டி அடிவயிற்றுக்கும் உள்ள இடைவெளியில் 7 மி.மீ. போகும், அவ்வளவுதான். ஸ்பீடோமீட்டர் முன்பு காட்டியதைவிட 2 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கூட்டிக் காட்டும். 3 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வருகிற அளவு எதையும் நான் தொடமாட்டேன். கம்பெனியே இன்னொரு மாடலில் கொடுக்கிற அளவை எடுத்துக்கொள்வது நல்லது. இன்சூரன்ஸ்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

அலாய் வேண்டாம் என்று இரும்பு டிஸ்க்காகவே, அதாவது இரும்பு ரிம்மாகவே தேடினேன். இரும்பு நெளிந்தால் தட்டி எடுக்கலாம். அலாய் பலமாக அடி வாங்கினால் விரிசலே விடலாம். வாங்கும்போது நட் ஓட்டைகளைப் பாருங்கள். இந்த வண்டிக்கு ஆறு ஓட்டை, அவற்றின் நடுவழியாகப் போகும் வட்டத்தின் விட்டம் 139.7 மி.மீ. நடு ஓட்டை ஹப்பில், அதாவது சக்கரம் மாட்டும் நடுக்குமிழில், ஆடாமல் உட்கார வேண்டும். ஆஃப்செட், அதாவது ரிம் அகலத்தின் நடுவிலிருந்து ஹப்பில் ஒட்டும் பரப்பு தள்ளியிருக்கும் தூரம், பழைய ரிம்முக்கு நெருக்கமாக இருக்க வேண்டும். ரிம்மின் உள்பக்கம் ‘ஈ.டி.’ என்று பொறித்து ஒரு எண் இருக்கும், அதுதான். அது மாறினால் டயர் உள்ளே உரசும், இல்லை வெளியே துருத்திக்கொண்டு சேறடிக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் பிரேக் காலிபர், அதாவது பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் பாகம். சின்ன ரிம்முக்குள் அது அடங்க வேண்டும். கடையில் ‘கரெக்டா உக்காரும் சார்’ என்பார்கள், நம்பாதீர்கள். நான் வீட்டிலிருந்து சப்பாத்தி மாவு ஒரு உருண்டை கொண்டுபோனேன். வத்தலக்குண்டு டயர்க்கடை அண்ணன் சிரித்தார். டயர் மாட்டாத வெறும் டிஸ்க், முன் சக்கரத்தின் காலிபர் மேல் இரண்டு மூன்று இடத்தில் மாவு, நட்டை முழுதாக இறுக்கிக் கையால் ஒரு சுற்று. கழற்றிப் பார்த்தால் நசுங்கி மிஞ்சியிருக்கும் மாவின் கனம்தான் இடைவெளி. எனக்கு மிக மெல்லிய இடத்திலேயே சுண்டுவிரல் கனம் நின்றது. காகிதம் மாதிரி ஆகியிருந்தால் அந்த ரிம்மைத் திருப்பிக் கொடுத்திருப்பேன். ‘அடுத்த வண்டிக்கும் இதே மாவுதான்’ என்று மிச்சத்தை அண்ணனே வாங்கி வைத்துக்கொண்டார்.

டயரில், அளவுக்கு அடுத்து வருகிற எண் பாரம். 108 என்றால் ஒரு டயர் 1000 கிலோ தாங்கும், 111 என்றால் 1090. மிளகு மூட்டை ஏற்றுகிற வண்டி என்பதால் பழைய டயரில் இருந்ததற்குக் குறையாமல் வாங்கினேன். செய்த தேதியையும் பாருங்கள். டயரின் பக்கத்தில் DOT என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் 2324 என்றால் 2024-இல் 23-வது வாரம்.

நட் விஷயத்தில் நான் ஏமாறப் பார்த்தேன். சில வண்டிகளில் அலாய்க்கு வாஷர் வைத்த தட்டை நட்டும், இரும்புக்குக் கூம்பு நட்டும் வரும். டிஸ்க் விற்ற கடையில் கையில் கிடைத்ததைப் போட்டுக் கொடுத்தார்கள். கூம்புக் குழியில் தட்டை நட் உட்காராது, ஓட ஓடத் தளரும். மாற்றி வாங்கினேன். மாட்டும்போது எதிரெதிராக இறுக்குங்கள். ஏர் கன்னால் அடிக்காமல், மேனுவலில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ரெஞ்ச்) இறுக்கச் சொல்லுங்கள். அப்புறம் பேலன்சிங், அலைன்மென்ட். காற்றுக்கு, கதவு ஓரத்து ஸ்டிக்கரில் 16 இன்ச் வரி இல்லை என்றால் ஹைலேண்டர் மேனுவலைப் பாருங்கள்.

ஸ்டெப்னியை மறந்துவிடுவார்கள். ஃபோர் வீல் போட்டால், அதாவது நான்கு சக்கரத்துக்கும் இன்ஜின் இழுவை கொடுத்தால், நான்கும் ஒரே உயரம் இருக்க வேண்டும், இல்லையென்றால் கியர் பெட்டி பக்கம் முறுக்கு ஏறும். அதனால் ஐந்தாவது டிஸ்க்கும் சேர்த்தே வாங்கினேன். அது வாங்கும்வரை பழைய 18 இன்ச் ஸ்டெப்னி மாட்ட வேண்டி வந்தால் டூ வீலில் மெதுவாகக் கடை வரைக்கும் மட்டும் ஓட்டுங்கள்.

நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் முன்னைவிட ஒரு நொடி சோம்பலாகத் திரும்புகிறது, உண்மை. அண்ணன் மகன் பார்த்துவிட்டு ‘என்ன சித்தப்பா, வண்டி மெலிஞ்சு போச்சு’ என்றான். மலையில் என் முதுகுக்குத் தெரிகிறது வித்தியாசம். மாட்டி 80 கிலோமீட்டர் ஓடியபின் பட்டிவீரன்பட்டி டீக்கடை ஓரம் நிறுத்தி ரெஞ்ச் போட்டுப் பார்த்தேன். பின் இடது சக்கரத்தில் இரண்டு நட் கால் சுற்று உள்ளே போனது.