மலைச் சரிவில் முக்கோணம்: டேப் பிடிக்கிறவர்கள் செய்யும் தவறுகள்

கோத்தகிரிப் பக்கம் இடம் அளக்க என்னோடு வரும் பையன்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிதாகரஸ் தேற்றம் சொல்வார்கள். வர்க்கமூலம் எடுக்க மறப்பது, கூட்டலில் சறுக்குவது எல்லாம் அவர்களே திருத்திக்கொள்வார்கள். ஆனால் டேப்புக்குப் பதில் நாங்கள் அளவுச் சங்கிலி பிடித்த காலத்துத் தவறுகள் அப்படியே திரும்ப வருகின்றன, அவற்றைத்தான் சொல்லியாக வேண்டும்.

சாய்வு நீளத்தையே அடிப்பக்கமாக எடுப்பது

நிலத்தின் எல்லை அளவுகளைக் குறித்த வரைபடமான புலப்படத்தில் இருப்பது கிடைமட்ட நீளம். தேயிலைச் சரிவில் தரையோடு டேப்பை இழுத்தால் கிடைப்பது கர்ணம்.

ஒரு தோட்டத்தில் மேல் எல்லைக் கல்லைக் காணவில்லை. புலப்படத்தில் 52 மீட்டர். அளக்க வந்தவர் கீழ்க் கல்லிலிருந்து மேலே 52 மீட்டர் டேப்பை இழுத்து, அங்கேயே புதுக் கல்லை நட்டுவிட்டுப் போய்விட்டார். சரிவோ 30 டிகிரி. கொசைன் 30 என்பது 0.866, அதால் 52-ஐப் பெருக்கினால் 45 மீட்டர்தான் தேறும். 52-ஐ 0.866-ஆல் வகுத்து, சரிவில் 60 மீட்டர் ஏறியிருக்க வேண்டும். 8 மீட்டர் அகலத்துக்குச் செடி பக்கத்துக்காரருக்குப் போனது. கம்பி வேலியும் போட்டாகிவிட்டது. அப்புறம் வேலியைப் பிடுங்கியதும், செலவு யாருடையது என்று சண்டை போட்டதும் தனிக் கதை. நினைத்தால் இன்றும் எரிச்சல்தான்.

“கொஞ்சம்தானே சார் வித்தியாசம்” என்பார்கள். கல்லாறு–குன்னூர் ரயில் பாதையில் அப்படிச் சொல்லலாம். அங்கே மிகச் செங்குத்தான ஏற்றமே 12-க்கு 1. 12 மீட்டர் அடிப்பக்கத்துக்குக் கர்ணம் 12.04 மீட்டர், 4 சென்டிமீட்டர்தான் கூடுதல். 30 டிகிரிச் சரிவில் 30 மீட்டர் டேப்புக்கு 4 மீட்டர் போய்விடும். சரிவு கூடக் கூடப் பிழை அதைவிட வேகமாக ஏறுகிறது.

கோணம் தெரியாமல் உயரம் மட்டும் தெரிந்தால், கர்ணத்தின் வர்க்கத்திலிருந்து உயரத்தின் வர்க்கத்தைக் கழிக்க வேண்டும். சரிவில் 30 மீட்டர், உயரம் 15 மீட்டர் என்றால் 900-இல் 225 போக 675, வர்க்கமூலம் 25.98. பாதிப் பேர் பழக்கதோஷத்தில் கூட்டிவிடுகிறார்கள். கணக்கே வேண்டாமென்றால், தூக்குக்குண்டு விட்டு, டேப்பைக் கிடைமட்டமாகப் பிடித்துப் படிப்படியாக இறங்குங்கள். நேரமாகும், ஆனால் கல் சரியான இடத்தில் விழும்.

எல்லா மூலையையும் செங்கோணமாக நினைப்பது

மலையில் சதுர மூலை அபூர்வம். 20, 30 மீட்டர் பக்கங்களுக்கு நடுவே 70 டிகிரி இருந்தால் மூன்றாவது பக்கம், கொசைன் விதிப்படி, 29.8 மீட்டர். பிதாகரஸ் போட்டால் 36 வரும்.

சதவீதத்தை டிகிரியாகப் படிப்பது

30 சதவீதச் சரிவு, அதாவது கிடைமட்டமாக 100 மீட்டருக்கு 30 மீட்டர் ஏற்றம், 16.7 டிகிரி. சரிவை அளக்கும் கிளைனோமீட்டரில் இரண்டு அளவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், பார்த்துப் படியுங்கள்.

கால்குலேட்டர் ரேடியனில் இருப்பது

ரேடியன் கோணத்துக்கு இன்னொரு அலகு. சைன் 30 போடுங்கள். 0.5 வராவிட்டால் டிகிரிக்கு மாற்றுங்கள்.

சைன் விதியில் ஒரே விடையோடு நிறுத்துவது

இரண்டு பக்கமும் அவற்றுக்கு நடுவில் இல்லாத ஒரு கோணமும் தெரிந்திருந்தால், சில சமயம் இரண்டு முக்கோணம் பொருந்தும். கால்குலேட்டர் குறுங்கோணத்தை மட்டும் காட்டும். விரிகோணமா என்று மூலையில் நின்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.