அரசுக் கட்டடத்தின் மின் கட்டணத்தைக் குறைப்பது எப்படி? பழைய பட்டியலில் தொடங்கி நிதி கேட்பது வரை

உங்கள் மேசைக்கு ஒரு சுற்றறிக்கை வந்திருக்கும். "மின் சிக்கனம் தொடர்பாக எடுக்கப்பட்ட நடவடிக்கை குறித்த அறிக்கையை உடன் அனுப்பி வைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது." நீங்கள் தலைமையாசிரியராகவோ, மருத்துவமனையின் நிர்வாக அலுவலராகவோ, நகராட்சியின் உதவிப் பொறியாளராகவோ இருக்கலாம். இதற்கு முன் இந்தக் கோப்பைத் தொட்டிருக்க மாட்டீர்கள். "தேவையற்ற விளக்குகளை அணைக்குமாறு பணியாளர்களுக்கு அறிவுறுத்தப்பட்டுள்ளது" என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டு மறந்துவிடுவதும் உண்டு. நானும் அனுப்பியிருக்கிறேன்.

அரசு அலுவலகத்தில் மின்சாரம் வீணாவதற்கு அலட்சியம் ஒரு காரணம்தான். பெரிய காரணம் கணக்குத் தலைப்பு, அதாவது எந்தச் செலவு எந்த ஒதுக்கீட்டிலிருந்து போகிறது என்ற பிரிவு. கருவி வாங்கும் செலவு ஒரு தலைப்பில் வருகிறது, மின் கட்டணம் வேறொரு தலைப்பில் வருகிறது. வாங்குகிறவர் குறைந்த விலையைப் பார்த்து வாங்குகிறார். கட்டணம் கட்டுகிறவர் வந்த தொகையைக் கட்டுகிறார். இரண்டையும் ஒரே தாளில் யாரும் எழுதிப் பார்ப்பதில்லை. ஊரான் வீட்டு நெய்யே, பெண்டாட்டி கையே என்ற கதைதான். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த ஒற்றைத் தாளைத் தயாரிப்பதற்காகத்தான்.

படி 1: சட்டம் உங்கள் கட்டடத்தைத் தொடுகிறதா?

இந்தியாவில் இதற்கான தாய்ச் சட்டம் 2001ஆம் ஆண்டின் எரிசக்தி சேமிப்புச் சட்டம். அதன்படி 2002 மார்ச் 1 அன்று எரிசக்தித் திறன் பணியகம் அமைந்தது. நட்சத்திர முத்திரை ஒட்டிய குளிர்பதனப் பெட்டியில் பார்க்கும் அதே பி.இ.இ. தான். மத்திய மின் துறை அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. மாநிலங்களில் இதே வேலையைச் செய்ய ஒவ்வொரு மாநில அரசும் ஓர் அமைப்பை நியமித்திருக்கிறது. தமிழ்நாட்டில் அது தலைமை மின் ஆய்வாளரின் கீழுள்ள மின் ஆய்வுத் துறை. கேரளத்தில் திருவனந்தபுரத்திலுள்ள எனர்ஜி மேனேஜ்மென்ட் சென்டர்.

இந்தச் சட்டத்தின் கீழ் வந்த கட்டட விதித்தொகுப்பு 2007இல் வெளியானது, 2017இல் திருத்தப்பட்டது. 2010 திருத்தத்துக்குப் பிறகு, இணைக்கப்பட்ட மின்பளு (எல்லாக் கருவிகளின் மொத்த வாட்) 100 கிலோவாட் அல்லது ஒப்பந்த மின்தேவை (மின் வாரியத்திடம் கேட்டுப் பதிவு செய்த உச்ச அளவு) 120 கேவிஏ, இவற்றில் ஒன்றைத் தொட்டாலே கட்டடம் வரம்புக்குள் வந்துவிடும். 2022ஆம் ஆண்டுத் திருத்தம் இந்த வரம்பை மாநில அரசுகள் இன்னும் குறைத்துக்கொள்ளலாம் என்றது. "அப்படியானால் ஒப்பந்த அளவை 119 ஆக்கிவிடலாமே" என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் கேட்டார். விதியில் இருப்பது "அல்லது" என்ற சொல், ஐயா. மின்பளு 100ஐத் தாண்டியிருந்தால் 119 உங்களைக் காப்பாற்றாது.

விதித்தொகுப்பு முக்கியமாகப் புதிய கட்டடங்களுக்கானது. உங்களுடையது பழைய ஓட்டுக் கட்டடம் என்றால் இந்தப் படியில் நீங்கள் அதிகம் கவலைப்பட ஒன்றுமில்லை. கருவி வாங்கும்போது வரும் விதிகள்தான் உங்களுக்குப் பொருந்தும்.

படி 2: பன்னிரண்டு மாத மின் கட்டணப் பட்டியல்களைத் தேடி எடுங்கள்

இதைத் தாண்டிக் குதிக்காதீர்கள். நான் குதித்து அடிபட்டிருக்கிறேன். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் மார்ச் மாதம் எல்லாக் குழல்விளக்குகளையும் எல்இடிக்கு மாற்றினோம். ஏப்ரல் பட்டியல் முந்தைய மாதத்தைவிடக் கூடுதலாக வந்தது. கோடையில் குளிர்சாதனங்கள் ஓடத் தொடங்கியிருந்தன, அவ்வளவுதான். ஆனால் முந்தைய ஆண்டு ஏப்ரலின் எண்ணிக்கை என்னிடம் இல்லை. "மாற்றினீர்கள், ஏறிவிட்டதே" என்ற கேள்விக்கு என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. அடுத்த கட்டத்துக்கு வைத்திருந்த மதிப்பீடு அத்தோடு கிடப்பில் போனது.

எனவே மின் இணைப்பு எண்ணை வைத்து ஓராண்டுக் கணக்கை எடுங்கள். தமிழ்நாட்டில் தாழ்வழுத்த (சிறிய கட்டடங்களுக்கான) இணைப்பு என்றால் இரு மாதங்களுக்கு ஒரு பட்டியல், உயரழுத்தம் (பெரிய கட்டடங்களுக்கானது) என்றால் மாதந்தோறும். ரூபாயை ஒரு பக்கமும் யூனிட்டை இன்னொரு பக்கமும் எழுதுங்கள். ரூபாயை மட்டும் எழுதினால் கட்டண உயர்வு வந்ததும் உங்கள் சேமிப்பு மறைந்துவிடும்.

உயரழுத்தப் பட்டியலில் இன்னும் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, ஒப்பந்த மின்தேவையும் அந்த மாதம் பதிவான அதிகபட்சத் தேவையும். ஒப்பந்தம் 200 கேவிஏ இருக்க, ஆண்டு முழுவதும் 110ஐத் தாண்டவில்லை என்றால், எட்டாத உயரத்துக்கு வாடகை கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். பயன்படுத்தாவிட்டாலும் ஒப்பந்த அளவின் பெரும் பங்குக்குக் கட்டணம் உண்டு. இதைச் சரிசெய்யக் கருவி எதுவும் வேண்டாம், மின் வாரியத்துக்கு ஒரு விண்ணப்பம் போதும். விண்ணப்பிக்கும் முன் கோடை மாதங்களின் உச்சத்தை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, திறன் காரணி, அதாவது இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு உண்மையில் வேலைக்குப் பயன்படுகிறது என்ற விகிதம். அது 0.90க்குக் கீழே இறங்கியிருந்தால் அதைச் சரியாக வைத்திருக்கும் மின்தேக்கிகளில் ஏதோ ஒன்று செத்திருக்கிறது என்று பொருள்.

கடைசியாக ஒரு வகுத்தல். ஆண்டு மொத்த யூனிட்டைக் கட்டடத்தின் தளப்பரப்பால் வகுக்க வேண்டும். 1,20,000 யூனிட், 1,500 சதுர மீட்டர் என்றால் 80 வரும். இதுதான் எரிசக்திச் செயல்திறன் குறியீடு. அலுவலகக் கட்டடங்களுக்கு பி.இ.இ. 2009இல் தொடங்கிய நட்சத்திரத் தரவரிசை இந்த எண்ணை வைத்துத்தான். கட்டடத்தில் பாதிக்கு மேல் குளிர்சாதன வசதி உள்ளதா, எந்தத் தட்பவெப்ப மண்டலம் என்பதைப் பொறுத்து அட்டவணை மாறும். சென்னை வெப்ப ஈரப்பத மண்டலத்தில் வருகிறது. குளிர்சாதனமே இல்லாத பள்ளியை ஒரு தலைமையகத்தோடு ஒப்பிட்டு மகிழ்ச்சி அடைய வேண்டாம்.

படி 3: இரவில் மீட்டரைப் படியுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. செலவு இல்லை, இரண்டு நாள் வேலை.

மாலை ஏழு மணிக்கு எல்லோரும் போன பிறகு மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை ஏழு மணிக்குக் காவலரைக் குறிக்கச் சொல்லுங்கள், அல்லது கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பெரிய இணைப்புகளில் மீட்டர் எண்ணைப் பெருக்கு எண்ணால் பெருக்க வேண்டும். பட்டியலிலேயே அது அச்சாகியிருக்கும். மறந்தால் கணக்கு சிரிப்பாகிவிடும்.

வித்தியாசம் 2.1, பெருக்கு எண் 20 என்று வைத்துக்கொள்வோம். 42 யூனிட். பன்னிரண்டு மணி நேரத்தால் வகுத்தால் 3.5 கிலோவாட். யாரும் இல்லாத கட்டடத்தில் இரவு முழுக்க மூன்றரை கிலோவாட் எதற்கு? விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு மாடி மாடியாக நடங்கள். ஒரு முறை அப்படி நடந்தபோது கண்டது: குடிக்க ஆளில்லாமல் இரவு முழுக்கத் தண்ணீரைக் குளிர்வித்துக்கொண்டிருந்த இரண்டு இயந்திரங்கள், கணினிகள் அகற்றப்பட்டு ஓராண்டு ஆன அறையில் சூடாக இருந்த யுபிஎஸ், கழிவறையில் ஓயாத வெளியேற்று விசிறி. யுபிஎஸ் பெட்டியின் மேல் ஒரு பூனை சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. அதற்கு மட்டும்தான் அந்தக் கருவியால் பயன். மருத்துவமனை என்றால் இரவுப்பளு நியாயமாகவே கூடுதலாக இருக்கும். அங்கே வெளிநோயாளர் பிரிவுக்கான கிளை மீட்டரை மட்டும் படியுங்கள்.

படி 4: எதை மாற்றுவது, எதை விடுவது?

அறை அறையாகச் சென்று எண்ணுங்கள். பொருள், வாட், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்று மூன்று பத்திகள் போதும்.

பழைய 40 வாட் குழல்விளக்கு, சோக்கோடு சேர்த்து 50 வாட்டுக்கு மேல் இழுக்கும். ரீங்காரம் கேட்கும் விளக்கு அதுதான். எல்இடி 20 வாட். ஒரு விளக்கில் சுமார் 32 வாட் மிச்சம். நாளுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 220 வேலை நாள் என்றால் 56 யூனிட். யூனிட் ஒன்பது ரூபாய் என்று கணக்குக்கு வைத்தால் ஐந்நூறு ரூபாய். புதிய விளக்கின் விலை ஆண்டு முடிவதற்குள் திரும்பிவிடும். யோசிக்காமல் மாற்றுங்கள்.

மின்விசிறி அப்படி அல்ல. பழைய விசிறி 75 வாட், பிஎல்டிசி என்ற சிக்கன வகை மோட்டார் உள்ளது ஏறத்தாழ 30 வாட். அதே மணி நேரத்துக்கு 79 யூனிட், எழுநூறு ரூபாய் சொச்சம். நன்றாக ஓடுகிற விசிறியைக் கழற்றிவிட்டு மூவாயிரம் ரூபாயில் புதியது மாட்டினால் போட்ட பணம் திரும்ப நான்கு ஆண்டுக்கு மேல் ஆகும். பழுதான விசிறிக்கு மாற்றாக வாங்கும்போது சாதாரண விசிறியைவிடக் கூடுதலாகும் விலையை மட்டும் கணக்கில் எடுத்தால் இரண்டு ஆண்டு. ஆகவே விசிறியை மொத்தமாக மாற்றாதீர்கள். "இனி வாங்குவது எல்லாம் இந்த வகை" என்று ஓர் அலுவலக ஆணை போடுங்கள். இருபத்துநான்கு மணி நேரமும் சுற்றும் மருத்துவமனை வார்டில் மட்டும் கணக்கு தலைகீழ். அங்கே உடனே மாற்றலாம்.

குளிர்சாதனத்தில் மாற்றுவதற்கு முன் செய்ய வேண்டியது நிறைய. நட்சத்திர முத்திரை பெற்ற அறைக் குளிர்சாதனங்கள் 2020 ஜனவரி 1 முதல் இயல்பாகவே 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்பது விதி. பழையவற்றை நீங்கள்தான் அந்த அளவில் வைக்க வேண்டும். ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது பி.இ.இ. சொல்லும் கணக்கு. 18இல் வைத்துவிட்டுச் சால்வை போர்த்தி உட்காரும் அதிகாரிகளிடம் இதை எப்படிச் சொல்வது என்று என்னைக் கேட்காதீர்கள்.

படி 5: தணிக்கை

தணிக்கை என்ற சொல்லைக் கேட்டதும் கணக்குப் பிரிவு நிமிர்ந்து உட்காரும். இது அந்தத் தணிக்கை இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பி.இ.இ. நடத்தும் தேர்வில் தேறிச் சான்று பெற்ற எரிசக்தித் தணிக்கையாளர்கள் இருக்கிறார்கள். சிறிய அலுவலகத்துக்கு நீங்கள் மேலே செய்ததே போதும். மையக் குளிர்சாதனம், பெரிய பம்புகள், கொதிகலன் உள்ள இடங்களுக்குத்தான் தணிக்கையாளர் கட்டாயம் தேவை. வரும்போது உங்கள் பன்னிரண்டு மாத அட்டவணையையும் இரவு மீட்டர் குறிப்பையும் கொடுங்கள்.

படி 6: வாங்கும்போது

மத்திய அரசு அலுவலகங்களுக்கு 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள் தெளிவாகச் சொல்கின்றன: அறிவிக்கப்பட்ட மின் கருவிகளை வாங்கினால் குறிப்பிட்ட நட்சத்திர அளவோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். மாநில அலுவலகம் என்றால் உங்கள் துறையின் ஆணையைப் பாருங்கள். தமிழ்நாட்டில் கொள்முதல் நடைமுறை 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்துக்குள் வரும்.

இங்கே பலர் அஞ்சுவது "குறைந்த விலைக்காரரை விட்டுவிட்டால் தணிக்கைத் தடை வருமே" என்பதற்காக. அச்சம் நியாயமானதே. வழி எளிது. விலை வந்த பிறகு விளக்கம் எழுதாதீர்கள். ஒப்பந்தப்புள்ளியின் தொழில்நுட்பக் குறிப்பிலேயே நட்சத்திர அளவையும் அதிகபட்ச வாட்டையும் எழுதிவிடுங்கள். அப்புறம் வருகிறவர்களில் குறைந்த விலைக்காரரைத் தேர்ந்தெடுக்க எந்தத் தடையும் இல்லை.

படி 7: பணம் எங்கிருந்து?

முதலில் உங்கள் சொந்தத் தலைப்பு. விளக்கு மாற்றுவது போன்ற சிறு வேலைக்குப் பராமரிப்பு நிதியே போதும். பொதுப்பணித் துறையின் மின் பிரிவிடம் மதிப்பீடு வாங்கி நிர்வாக ஒப்புதல் பெறுங்கள்.

அடுத்தது மாநில எரிசக்தி சேமிப்பு நிதியம். சட்டத்தின் 16ஆம் பிரிவு இதற்காக உள்ளது. மாநிலமும் தன் பங்கைப் போட வேண்டும் என்ற நிபந்தனையோடு பி.இ.இ. ஒரு மாநிலத்துக்கு 4 கோடி ரூபாய் வரை இரண்டு தவணையாக அளிக்கும் திட்டம் உண்டு. நீங்கள் அணுக வேண்டியது படி 1இல் சொன்ன மாநில அமைப்பை. மாதிரித் திட்டங்களுக்கு இடம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

மூன்றாவது, எஸ்கோ (எரிசக்திச் சேவை நிறுவனம்) முறை. ஒரு நிறுவனம் தன் பணத்தைப் போட்டுக் கருவிகளை மாற்றும். மிச்சமாகும் கட்டணத்திலிருந்து சில ஆண்டுகளுக்கு அதற்குக் கொடுத்துவர வேண்டும். பொதுத்துறையில் இதைச் செய்யவே 2009இல் இ.இ.எஸ்.எல். என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. அது நடத்திய, 2015 ஜனவரியில் தொடங்கிய எல்இடி தெருவிளக்குத் திட்டத்தைப் பல நகராட்சிகள் அறியும். தனியார் எஸ்கோ வங்கிக் கடன் வாங்கினால் அதன் ஒரு பகுதிக்கு உத்தரவாதம் தரும் மத்திய நிதியமும் இருக்கிறது. அரசுக் கட்டடங்கள் அதில் சேரும்.

எஸ்கோ ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் மூன்று இடங்களில் பேனாவை நிறுத்துங்கள். சேமிப்பு யூனிட்டில் கணக்கிடப்படுகிறதா, ரூபாயிலா? அடுத்த ஆண்டு புதிதாக ஒரு மாடி கட்டினால் சேமிப்பை ஒப்பிடும் அடிப்படை எண்ணிக்கை எப்படி மாறும்? நிறுவனத்துக்குக் கொடுக்கும் தொகை எந்தக் கணக்குத் தலைப்பிலிருந்து? மூன்றாவதில்தான் நல்ல திட்டங்கள் மூழ்குகின்றன. மின் கட்டணத் தலைப்பில் மிச்சமாகும் பணத்தை வேறு எதற்கும் கொடுக்க உங்களுக்கு அதிகாரம் இருக்காது. ஆண்டு இறுதியில் அது திரும்பிப் போய்விடும், அடுத்த ஆண்டு ஒதுக்கீடும் குறையும். எனவே அந்தத் தலைப்பிலிருந்தே எஸ்கோவுக்குக் கொடுக்கலாம் என்ற நிதித் துறை ஒப்புதலை ஒப்பந்தத்துக்கு முன்பே வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

கூரைச் சூரியத் தகடு பற்றி எல்லோரும் கேட்பார்கள். 2024இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 78,000 ரூபாய் வரையிலான மானியம் வீடுகளுக்கு, அலுவலகங்களுக்கு அல்ல. அரசுக் கட்டடங்களில் தகடு நிறுவுவதை அதே திட்டம் ஊக்குவிக்கிறது. நீங்களே முதல் போடலாம், அல்லது நிறுவனம் நிறுவி யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்ளலாம். எதுவானாலும் படி 4ஐ முடித்துவிட்டுத் தகட்டின் அளவைத் தீர்மானியுங்கள். பூனைக்காக ஓடும் யுபிஎஸ்ஸுக்கும் சேர்த்துத் தகடு வாங்க வேண்டாம்.

படி 8: மாற்றிய பின்

மாற்றம் முடிந்த தேதியைச் சிவப்பு மையில் அட்டவணையில் குறியுங்கள். அதன்பின் ஒவ்வொரு பட்டியலையும் சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள். புதிய குளிர்சாதனம் வந்தது, தேர்தல் பணிக்காகக் கட்டடம் இரவிலும் திறந்திருந்தது போன்றவற்றை ஓரத்தில் எழுதி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரவு மீட்டரை மறுபடி படியுங்கள். அந்த எண் மெல்ல ஏறும். யாராவது ஒரு குளிர்பதனப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்திருப்பார்கள்.