நாம்பன் பழக்கும்போது கயிற்றைத் தளர்த்த மறக்காதீர்கள்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் வண்டிலுக்கு நாம்பன், அதாவது இளங்காளை, பழக்குகிறவர்களில் பலருக்குக் கயிற்றை இழுக்கத் தெரிகிறது, விடத் தெரிவதில்லை. மாடு பாடம் படிப்பது கயிறு தளரும் அந்த நொடியில்தான். இடப்பக்கம் மெல்ல இழுங்கள். தலை அரை அங்குலம் திரும்பினாலும் உடனே தளர்த்துங்கள். திரும்பிய பிறகும் இழுத்துக்கொண்டே இருந்தால், என்ன செய்தால் வலி நிற்கும் என்று அதற்கு எப்படித் தெரியும்? மறுநாள் கொம்பை ஆட்டும். பிறகு முரட்டு மாடு என்று சொல்லி அடிக்கிறோம். எனக்கு இது பொறுக்கவில்லை.

இரண்டு, மூன்று வயதில் தொடங்கலாம். முதலில் பழகிய எருதோடு சேர்த்து வெறும் நுகம், சில நாள் கழித்து இழுக்க ஒரு சிறு மரத்துண்டு, வண்டில் அதற்கும் பிறகு. வெயில் ஏறுமுன் 15 நிமிடம் போதும். நன்றாக நடந்துகொண்டிருக்கும்போதே அவிழ்த்துவிடுங்கள். வலம், இடம், நில் என்பதற்கு வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். தகப்பன் ஒன்றும் மகன் ஒன்றும் சொன்னால் மாடு யாரை நம்பும்?

நுகத்தை இறக்கியதும் உள்ளங்கையால் கழுத்தைத் தடவிப் பாருங்கள். ஓரிடம் மட்டும் சூடாக இருந்தாலோ, மயிர் தேய்ந்து தோல் மினுங்கினாலோ, கை பட்டதும் துடித்தாலோ அங்கே புண் வரப்போகிறது. வேளாண்மை வேலை எவ்வளவு அவசரமானாலும் ஆறும்வரை பூட்டாதீர்கள். வலித்த கழுத்தில் நுகம் ஏறினால், பிறகு நுகத்தைக் கண்டாலே பின்வாங்கும். கழுத்து ஆறுவதற்குள் நுகத்தில் உராயும் இடத்தைக் கண்ணாடித் துண்டால் வழித்து மழமழப்பாக்கி வையுங்கள்.