ஊருக்கு ஆள் எடுத்துத் தரும் ஆபீஸில் ஆள் நிற்க

திருநெல்வேலியில் வண்ணார்பேட்டை, பாளையங்கோட்டை பக்கம் மேன்பவர் கன்சல்டன்சி நடத்துபவர்களின் பொதுப் புலம்பல், கம்பெனிகளுக்கு ஆள் தேடிச் சேர்த்துவிடும் ரெக்ரூட்டர் வேலையில் நிலைப்பதில்லை என்பது. முதலில் கணக்குப் போடுங்கள். வருஷத் தொடக்கத்தில் 12 பேர், இப்போது 10, நடுவில் போனவர் 7 என்றால், சராசரி 11. ஏழைப் பதினொன்றால் வகுத்தால் சுமார் 64 சதவீதம். இந்த எண்ணை வைத்து மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. யார் எத்தனையாவது மாதத்தில் பேப்பர் போட்டார் என்று பிரித்து எழுதுங்கள்.

முதல் மாதத்திலேயே போனவர், வேலை இன்னதென்று தெரியாமல் வந்தவர். இன்டர்வியூ அன்றே கங்கைகொண்டான் சிப்காட் வேலை ஒன்றின் விவரமும், வேலை தேடும் 20 பேரின் போன் நம்பரும் கொடுத்து, ஒரு மணி நேரம் பேசவிடுங்கள். ‘வாரேன் சார்’ என்று மூன்று தடவை சொன்னவர் ஜாய்னிங் அன்று போனை அணைத்துவிடுவார் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் போனால், ஆள் சேர்த்ததற்குத் தரும் இன்சென்டிவைச் சந்தேகப்படுங்கள். ஏப்ரல் 10-ல் ஒரு கேண்டிடேட் சேர்கிறார். அவர் நிலைக்கிறாரா என்று கிளையன்ட் கம்பெனி பார்க்கும் 90 நாள் ஜூலை 8-ல் முடிகிறது. அதன் பிறகுதான் பில், அதற்கு 45 நாள் தவணை. பணம் ஆகஸ்ட் கடைசியில் வரும், ரெக்ரூட்டர் கைக்குச் செப்டம்பரில் போகும். ஏப்ரலில் பட்ட பாட்டுக்குச் செப்டம்பரில் கூலி என்றால் யார் இருப்பார்? இன்சென்டிவில் 40 சதவீதத்தை, ஆள் சேர்ந்த மாதச் சம்பளத்தோடே கொடுங்கள். மீதி 60-ஐ 90 நாள் முடிந்ததும் கொடுங்கள், கிளையன்ட் பணத்துக்குக் காத்திருக்காமல். கேண்டிடேட் 70-ஆம் நாள் ஓடிப்போனால், கொடுத்த 40-ஐ அடுத்த இன்சென்டிவில் மட்டும் கழியுங்கள். சம்பளத்தில் கை வைத்தால் மறுநாளே அவர் வேறு ஆபீஸுக்கு ரெஸ்யூம் அனுப்புவார். இதற்குக் கையில் கொஞ்சம் பணம் முடங்கும்தான். புது ஆளைப் பழக்க ஆகும் மூன்று மாதச் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

டார்கெட்டும் ஊர்க் காலண்டரைப் பார்த்துத்தான். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போகாத வீடு இந்தப் பக்கம் குறைவு. அந்த வாரம் ஜாய்னிங் வைத்துவிட்டு, வராத ஆளுக்காக ரெக்ரூட்டரைத் திட்டுவது அநியாயம். ஊர்க் கோயில் கொடைகளுக்கும் இதே கதை.

இரவு ஷிப்ட் இருந்தால், அம்பாசமுத்திரம், சங்கரன்கோவில் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வண்டி ஏற்பாடு இல்லாமல் எடுக்காதீர்கள்.

ஒரு வருஷம் தாண்டியவருக்கு ஒரு கிளையன்டை முழுசாக ஒப்படையுங்கள். கிளையன்டோடு போய்விடுவார் என்ற பயத்தில் யாரும் இதைச் செய்வதில்லை. செய்யாததால்தான் அவர் போகிறார்.

அப்படியும் ஒருவர் பேப்பர் போட்டால், அன்றே உட்கார்ந்து லைன்-அப்பில், அதாவது வேலையில் சேரக் காத்திருப்போர் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரின் பெயர், சேரும் தேதி, கடைசியாகப் பேசிய நாள் எல்லாவற்றையும் ஒரு ஷீட்டில் வாங்குங்கள். நோட்டீஸ் முடியுமுன் அவரே கேண்டிடேட்டுக்குப் போன் போட்டு, ‘இனி இந்தத் தம்பி பேசுவார்’ என்று சொல்லட்டும். அவர் சேர்த்த ஆட்கள் 90 நாள் முடிக்கும்போது மீதி 60-ஐ அவர் கணக்கில் போட்டுவிடுங்கள். அது வந்ததா என்று அவரிடம் முதலில் விசாரிப்பது உங்கள் ஆபீஸில் இன்னும் இருப்பவர்கள்தான்.