நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவரா? வெரிகோஸ் வெயினுக்கு வீட்டிலேயே செய்யக்கூடியவை

ஜவுளிக்கடை, ஓட்டல் அடுப்படி, சலூன், வகுப்பறை, செக்யூரிட்டி வேலை என்று எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் நின்றே பிழைக்கிறவர்கள் நம்மில் ஏராளம். சாயங்காலம் ஆனால் கால் கனக்கும், ராத்திரி கெண்டைக்கால் இழுக்கும். சில வருஷத்தில் ஆடுசதையிலும் முழங்காலுக்குப் பின்னாலும் நீலம் பாரித்த ரத்தக்குழாய்கள் புடைத்துச் சுருண்டு தெரிய ஆரம்பிக்கும். இதுதான் வெரிகோஸ் வெயின்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுருண்டுபோன குழாயை எந்தத் தைலமும் கஷாயமும் பழையபடி ஆக்காது. வலி, வீக்கம், கனம் ஆகியவற்றை நிச்சயம் குறைக்கலாம். நிலைமை மோசமாவதைத் தள்ளிப்போடலாம். கீழே உள்ளவை அதற்குத்தான்.

முதலில், கால் எப்படி வேலை செய்கிறது?

பாதத்துக்கு வந்த ரத்தம் இதயத்துக்குத் திரும்ப மேல்நோக்கி ஏற வேண்டும். நடக்கும்போது ஆடுசதை சுருங்கி, உள்ளே இருக்கும் சிரைகளை (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்களை) பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. ஏறியது கீழே இறங்காமல் சிரைக்குள் சின்னச் சின்ன வால்வுகள் பிடித்துக்கொள்ளும். புட்வால்வு ஒழுகினால் மோட்டார் ஏற்றிய தண்ணீர் கிணற்றுக்கே திரும்புமே, அதுதான் இங்கும் நடக்கிறது. ரத்தம் கீழே தேங்கி, தோலுக்கடியில் உள்ள சிரைகள் விரிந்துவிடுகின்றன. அம்மா அப்பாவுக்கு இருந்திருந்தால், குழந்தை பெற்றவர் என்றால், எடை கூடுதல் என்றால் வாய்ப்பு அதிகம். வயதையும் பரம்பரையையும் மாற்ற முடியாது. ஆடுசதைக்கு வேலை கொடுப்பது நம் கையில் இருக்கிறது.

படி 1: குதிகாலைத் தூக்குங்கள்

இந்த ஒன்றை மட்டும் செய்தாலும் போதும் என்பேன். மேசை விளிம்பை விரல் நுனியால் பிடித்துக்கொண்டு, பாதங்களைச் சற்று அகட்டி நில்லுங்கள். இரண்டு குதிகாலையும் மெல்ல உயர்த்தி, முன்பாதத்தில் இரண்டு எண்ணும்வரை நின்று, நான்கு எண்ணியபடி இறக்குங்கள். தொப்பென்று விடக்கூடாது. ஆடுசதை கல் மாதிரி இறுகுவதைத் தொட்டுப் பார்த்தால் தெரியும். ஒரு தடவைக்கு 15 முதல் 20 முறை, அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை. கல்லாவுக்குப் பின்னால் நின்று செய்தால் வாடிக்கையாளருக்குத் தெரியக்கூடத் தெரியாது.

உட்கார்ந்தே வேலை என்றால், குதிகாலைத் தரையில் ஊன்றி முன்பாதத்தை மேலே இழுங்கள், பிறகு கீழே அழுத்துங்கள். பஸ் பயணத்திலும் இதையே செய்யலாம். தினமும் அரை மணி நேர நடை இருந்தால் இன்னும் நல்லது.

படி 2: உட்காருங்கள், அது உங்கள் உரிமை

கடை ஊழியர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் திருத்தம் வந்துவிட்டது. கேரளத்தில் 2018-லேயே வந்தது. முதலாளியிடம் ஸ்டூல் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

படி 3: வீட்டுக்கு வந்ததும் காலை உயர்த்துங்கள்

மல்லாந்து படுத்து, ஆடுசதைக்குக் கீழே இரண்டு மூன்று தலையணை வையுங்கள். பாதம் நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து காலை முக்காலியில் நீட்டினால் அந்த அளவு பலன் வராது. 15 நிமிடம் போதும். காலையில் இல்லாத கணுக்கால் வீக்கம் சாயங்காலம் வருகிறது என்றால் இதைத் தவறவிடாதீர்கள்.

படி 4: அழுத்தக் காலுறை

மருந்துக்கடையில் கிடைக்கும் கம்ப்ரெஷன் ஸ்டாக்கிங்ஸ். காலையில் வீக்கம் இல்லாதபோது கணுக்கால், ஆடுசதைச் சுற்றளவை அளந்து வாங்குங்கள். படுக்கையை விட்டு இறங்குவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். குதிகால்வரை உள்பக்கத்தை வெளியே திருப்பி, பாதத்தை நுழைத்து, பிறகு சுருக்கமில்லாமல் மேலே ஏற்றுங்கள். மேல் விளிம்பை மடித்துவிட்டால் அங்கே கயிறு கட்டியதுபோல் இறுக்கிவிடும். ராத்திரி கழற்றிவிடலாம்.

சர்க்கரை நோயாளிகள், புகைபிடிப்பவர்கள், நடந்தால் கால் வலித்து நின்றால் சரியாகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைப் போடவே கூடாது. காலுக்கு வரும் ரத்தமே குறைவாக இருந்தால் காலுறை கெடுதல் செய்துவிடும்.

படி 5: சாப்பாடும் தோலும்

மலச்சிக்கலில் முக்குவது வயிற்றழுத்தத்தைக் கூட்டி, காலில் உள்ள சிரைகளையும் சிரமப்படுத்தும். கீரை, வாழைத்தண்டு, அவரைக்காய், போதிய தண்ணீர் சேருங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு குறைந்தால் வீக்கமும் கொஞ்சம் குறையும். கணுக்கால் தோல் வறண்டு அரித்தால் தேங்காய் எண்ணெய் தடவுங்கள், சொறியாதீர்கள். அந்த இடத்தில் புண் வந்தால் ஆற மாதக்கணக்கில் ஆகும். புடைத்த குழாயின் மேல் அழுத்தி நீவவும் வேண்டாம்.

எப்போது வீட்டு வைத்தியத்தை நிறுத்த வேண்டும்?

ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, சூடாகி, ஆடுசதை வலித்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். நீவாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். கூடவே மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் 108.

புடைத்த குழாய் உடைந்து ரத்தம் பீய்ச்சினால் நிற்கக் கூடாது. உடனே படுத்து, காலை உயர்த்தி, சுத்தமான துணியால் பத்து நிமிடம் கையெடுக்காமல் அழுத்துங்கள். ரத்தம் நிற்காவிட்டால் இதற்கும் 108.

கணுக்காலைச் சுற்றித் தோல் கறுத்தாலோ, ஆறாத புண் இருந்தாலோ ரத்தநாள அறுவை மருத்துவரைப் பாருங்கள். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் எந்த வால்வு பழுது என்று தெரிந்துவிடும். லேசர் போன்ற சிகிச்சைகளுக்குப் பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் ரத்தநாள அறுவைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.